மாதிரி வினாத்தாள்

செப்டெம்பர் 27, வெள்ளி

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். லோயர் சொன்னபடியால் எழுதுகிறேன்.

"தம்பி, புருசன் பெண்சாதியை ரெண்டு அறையிலை வைச்சு ஒரே கேள்வியைக் கேப்பினம். முதல் நாள் என்ன சமைச்சது, கட்டிலிலை ஆர் எந்தப் பக்கம், மாமியாற்றை பேர் என்ன. விடை மாறிச்செண்டால் போலிக் கலியாணம் எண்டு எழுதிப்போட்டு உம்மைப் பிளேனிலை ஏத்திவிட்டிடுவினம். நடக்கிறதை எழுதி வையும். ரெண்டு பேரும் இருந்து படியுங்கோ" என்றார்.

படிக்கச் சொன்னால் எனக்குச் சந்தோசம்தான். ஊரில் டியூசன் கொட்டிலில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். பெயர் கஜீபன், வயது முப்பத்துமூன்று. இப்போது கிழக்கு லண்டனில் ஓர் இறைச்சிக் கடையில் ஆடு வெட்டுகிறேன். அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடியானது. என் முதுகில் இருக்கும் தழும்புகள் வேறு எப்படியும் வந்திருக்கலாம் என்று நீதிபதி எழுதியிருந்தார். திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக யார் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாலையோடு நிற்க மாட்டார்கள்.

ஆகஸ்டில் நளாயினியைப் பதிவுத் திருமணம் செய்தேன். ஒன்பது வயதில் இங்கே வந்தவள், இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவள், என்னைவிட நான்கு வயது மூத்தவள். கடை முதலாளி தயாபரனின் தங்கை. "என்ரை தங்கச்சியைக் கட்டு. உனக்கு விசா. அவளுக்குப் புருசன் எண்டு ஒரு பேர்" என்று தயா அண்ணைதான் கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். எலும்பு வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

கடைக்கு மேலேதான் மூவரும் இருக்கிறோம். தயா அண்ணையின் மனைவி பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்ப் பல காலம். ஏன் போனா என்று யாரும் கேட்பதில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

இரவுச் சாப்பாடு: புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. நளா கட்டிலில், நான் நிலத்தில். எழுத வேண்டிய விடை: நளா வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

அக்டோபர் 4, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு கடையில் ஈ ஓட்டத்தான் ஆள் தேவை. ஆகவே படிப்புக்கு வெள்ளி பின்னேரம் என்று தயா அண்ணை நேரம் குறித்துவிட்டார்.

நான் மாதிரி வினாத்தாள் ஒன்று தயாரித்திருந்தேன். பத்து வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? முதலாம் பகுதி: முதல் சந்திப்பு. இரண்டாம் பகுதி: திருமண நாள். மூன்றாம் பகுதி: வீடும் பழக்கவழக்கங்களும். நான்காம் பகுதி: குடும்பமும் உடல்நலமும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விடை. நளா அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சேர், இதெல்லாம் பாடமாக்க வேணுமோ?"

"சொல்லுக்குச் சொல் பாடமாக்கினால் பிழைக்காது" என்றேன்.

தயா அண்ணை மேசைத் தலைப்பில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். அவர் வெள்ளிக்கிழமை விரதம். காலையில் குளித்து விபூதி பூசிவிடுவார். எட்டாம் கேள்விக்கு, திருமணத்தன்று நான் என்ன நிறச் சட்டை போட்டிருந்தேன் என்பதற்கு, நளா நீலம் என்றாள். விடை வெள்ளை. அவர் எழும்பி, சத்தமில்லாமல் நடந்து போய், அவளுடைய தலைமயிரைப் பிடித்து நெற்றியை மேசையில் ஒருதரம் இடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளை" என்றார்.

எங்கள் ஊரில் அடி வாங்காமல் யார் படித்தது? என்னுடைய கணித மாஸ்டர் பூவரசம் தடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். நானும் என்னுடைய வகுப்பில் ஒரு பிரம்பு வைத்திருந்தேன். ஆகவே இதைப் பெரிதாக எடுக்கவில்லை. நளாதான் கொஞ்ச நேரம் மேசையிலிருந்து நிமிராமல் இருந்தாள்.

அக்டோபர் 7, திங்கள்

மூன்றாம் பகுதிக்கு ஒரு கேள்வி சேர்த்தேன். நளாவின் வலது மணிக்கட்டில் நீளமான தழும்பு, உள்ளே தகடு. விடை: பனியில் வழுக்கி விழுந்தது.

உண்மையில் எப்படி என்று மரக்கறி வெட்டும்போது கேட்டேன். வெங்காயத்தில் கண்ணை வைத்துக்கொண்டு சொன்னாள். முன்பு ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பு வேலை பார்த்திருக்கிறாள். அங்கே பழகிய டேனியல் என்ற வெள்ளைக்காரனோடு ஒரு வருடம் வேறு ஊரில் போய் இருந்தாள். அண்ணை தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். கை அந்தப் பயணத்தில் உடைந்தது. பாஸ்போட் அன்றிலிருந்து அண்ணையின் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது.

"உமக்கு இந்த ஊர்ச் சட்டம் தெரியுந்தானே. பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்கள் சொல்லுறியளோ?" என்றாள்.

நான் வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

இன்று பிழை விட்டது மாஸ்டர். மாமனாரின் பிறந்த ஊர் கோண்டாவில்; நான் கொக்குவில் என்றுவிட்டேன். இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் கொஞ்சத் தூரம்தான். தயா அண்ணைக்கு அது போதுமான தூரமாகப் பட்டது. கத்தி தீட்டும் இரும்புக் கம்பி எப்போதும் அவருடைய இடுப்பில் தொங்கும். அதை எடுத்துத் தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, விழுந்த பிறகு தொடையில் ஒன்று.

ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் என்னை அடித்தவர்கள் அதற்கென்று சம்பளம் வாங்கிய ஆட்கள். எங்கே அடித்தால் எவ்வளவு நோகும் என்று அவர்களுக்கு அளவு தெரியும். தயா அண்ணைக்கு அந்த அளவு தெரியாது. அதனால் இவரிடம்தான் எனக்குக் கூடுதல் பயம்.

"விசா கார்ட் கிடைச்சால் ஆருக்கு நல்லம்? எனக்கோ, உனக்கோ?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் அண்ணை."

"அப்ப நான் உனக்காகத்தானே கஷ்டப்படுறன்?"

"ஓம் அண்ணை."

அக்டோபர் 12, சனி

தோள் தூக்க முடியவில்லை. ஆட்டுத் தொடை சரிந்து விழுந்துவிட்டது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னேன். ஒரு அம்மா சித்தாலேபைத் தைலம் பூசச் சொன்னா.

அக்டோபர் 18, வெள்ளி

தயா அண்ணைக்கு இன்று புதிய யோசனை வந்தது. யோசனை அவருடையது என்றாலும் ஊரில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருந்ததுதான். சரியாகச் சொன்னவர் பிழையாகச் சொன்னவருக்கு அடிக்க வேண்டும். நாலாம் வகுப்பில் நானே எத்தனை பேருடைய மூக்கைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்திருக்கிறேன்.

"எனக்குக் கை நோகுது. இனி நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ" என்று சிரித்தார்.

முதல் பிழை எனக்கு. நளா அடிக்க மாட்டேன் என்றாள். தயா அண்ணை எழும்பிப் போய் அவளுக்கு வயிற்றில் உதைத்தார். கதிரையோடு சேர்ந்து விழுந்தாள். எழும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டாள். அதை அடி என்று சொல்ல முடியாது.

அடுத்த பிழை அவளுக்கு. நானும் அப்படியே தொட்டேன். தயா அண்ணை இரும்புக் கம்பியை என் காதுக்குப் பக்கத்தால் வீசிவிட்டு, "பள்ளிக்கூடத்திலை இப்பிடியோ அடிச்சனி?" என்று கேட்டார். இரண்டாம் தரம் கொஞ்சம் சத்தம் வரும்படி அடித்தேன். மூன்றாம் தரம் அவருக்குத் திருப்தி.

பிறகு அறையில் நளாவிடம், "எனக்கு வேற வழியில்லை எண்டு உமக்கு விளங்குதுதானே?" என்றேன். விளங்குகிறது என்றாள். நல்ல பெண்.

அக்டோபர் 20, ஞாயிறு

நிலம் குளிர்கிறது. நளா கட்டிலில் ஒதுங்கிப் படுத்து, "வாங்கோ, விடையை உண்மையாக்குவம்" என்றாள். இடப்பக்கத்தில் படுத்தேன். அவள் என் முதுகைத் தடவிப் பார்த்தாள். தழும்புகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். எந்த நீதிபதிக்கும் அவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை.

அவள் சொன்னாள்: "விசா கிடைச்சால் நாங்கள் ரெண்டு பேரும் வேற எங்கையாவது போவமே? நீங்கள் படிப்பிக்கலாம். நான் வேலைக்குப் போவன்."

போவோம் என்றேன். சந்தோசமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று நான் வேண்டுமென்றே மூன்று கேள்விக்குப் பிழையாகச் சொன்னேன். நான் பிழைவிட்டால் நளா அடிக்க வேண்டும், நளாவின் அடி நோகாது, பின்னேரம் அப்படியே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். தயா அண்ணை படிக்காதவர்தான். ஆனால் இறைச்சி நிறுக்கிறவரை ஏமாற்றுவது லேசில்லை. மூன்றாவது பிழையில் எழும்பிவிட்டார். என் கீழ்ப் பல் ஒன்று இப்போது சட்டைப் பையில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கடிதத்தைக் காட்டினார். காலையிலேயே வந்திருக்கிறது. டிசம்பர் மூன்றாம் திகதி நேர்முகம்.

"இனி விளையாட்டில்லை. நீ அவளுக்கு ஒழுங்கா அடிக்காட்டி அவள் படிக்க மாட்டாள். அவள் படிக்காட்டி நீ போயிட்டாய். நானே ஃபோன் எடுத்து, இந்தக் கலியாணம் பொய், என்ரை தங்கச்சியை ஏமாத்திப்போட்டான் எண்டு சொல்லிவிடுவன். அடுத்த கிழமை கட்டுநாயக்கா."

நளா தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

அக்டோபர் 26, சனி

நாளை தீபாவளி. விடிந்ததிலிருந்து சனம் தெருவரைக்கும் வரிசை. எத்தனை ஆடு வெட்டினேன் என்று தெரியாது. தயா அண்ணை எல்லோரோடும் பகிடிவிட்டு, குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்து, "என்ரை மச்சான், தங்கமான பெடியன்" என்று என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். கை கழுவும்போது தண்ணீர் வெகுநேரம் சிவப்பாகவே ஓடியது.

அக்டோபர் 28, திங்கள்

கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. ஆறு நாளும் சனம் மரக்கறி. கடை காலி. ஆகவே ஆறு நாளும் வகுப்பு. தயா அண்ணை பாலும் பழமும்தான்; பசியில் மனிதன் கொஞ்சம் சிடுசிடு என்று இருக்கிறார்.

நளா முதலாம், இரண்டாம் பகுதிகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்கிறாள். நான் படிப்பித்த பிள்ளைகளில் இப்படி யாரும் இல்லை.

அக்டோபர் 30, புதன்

நளாவுக்கு நான்கு பிழை. எனக்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

நளாவுக்கு இரண்டு பிழை. முன்னேற்றம்.

நவம்பர் 2, சனி

இன்று சூரன்போர். தயா அண்ணை கோயிலுக்குப் போக முதல் சஷ்டியின் கடைசி வகுப்பு. நாலாம் பகுதி. அதில் ஒரு கேள்வி: உங்கள் கணவர் உங்களை அடித்திருக்கிறாரா? லோயர்தான் இதையும் சேர்க்கச் சொன்னவர், எல்லாப் பெண்களிடமும் கேட்பார்களாம். விடை: இல்லை.

நளா "ஓம்" என்றாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தயா அண்ணை திரும்பக் கேட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு திரும்பவும் "ஓம்" என்றாள்.

"பிழை. அடியடா" என்றார் தயா அண்ணை.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வழியில்லை என்று தெரிந்த ஒருத்தி, விளங்குகிறது என்று சொன்ன ஒருத்தி, டிசம்பர் மூன்றாம் திகதி இப்படிச் சொன்னால் என் கதி என்ன? என் உயிரை வைத்து விளையாடுகிறாள் என்று தோன்றியது. வழமைப்படி நடந்தது. கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டது.

மூன்றாம் தரம் கேட்டபோது "இல்லை" என்றாள்.

தயா அண்ணை என் தோளில் தட்டிவிட்டு வேட்டி கட்டப் போனார். கோயிலில் நல்ல சனமாம். பஞ்சாமிர்தம் கொண்டுவந்து எனக்குத் தன் கையாலேயே தந்தார்.

நவம்பர் 3, ஞாயிறு

தலையணை உறையில் சின்ன இரத்தக் கறை. குளிர்காலத்தில் சிலருக்கு மூக்கால் வருவதுண்டு. உறையை ஊறப்போட்டேன்.

நவம்பர் 6, புதன்

கல்லாவில் நின்ற நளாவை ஒருவர் ஏதோ கேட்டிருக்கிறார், இவள் பேசாமல் நின்றிருக்கிறாள். அந்த ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கடுமையான சளி என்று சொல்லிச் சமாளித்தேன். மருந்துக் கடையில் காதுக்கு விடும் சொட்டு மருந்து வாங்கினேன். "ஏன்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். எனக்குத்தான் என்றேன்.

நவம்பர் 9, சனி

நளா கட்டிலில் பக்கம் மாறிவிட்டாள். இப்போது அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அந்தப் பக்கம் படுத்தால்தான் நான் சொல்வது கேட்கிறதாம். வினாத்தாளில் விடையைத் திருத்தினேன்.

நவம்பர் 15, வெள்ளி

தயா அண்ணை சாமான் எடுக்கப் போய்விட்டார். இருவரும் மட்டும் இருந்து படித்தோம். அடி இல்லாமல் படித்தால் என்ன வடிவாகப் போகிறது! இரண்டு மணித்தியாலத்தில் தாள் முழுக்க முடிந்தது.

வினாத்தாளை மடிக்கும்போது நளா கேட்டாள்: "காதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுறது?"

"எந்தக் காதை?" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது கேக்க மாட்டினம். ஆர் காதைப் பற்றிக் கேக்கிறது?" என்றேன்.

"எழுதிவிடுங்கோவன். சின்ன வயசிலை இருந்தே எண்டாலும் எழுதுங்கோ."

"அப்பிடி எழுதினால் டாக்குத்தரிட்டைப் போனதோ, எந்த ஆஸ்பத்திரி எண்டு கேப்பினம். ஒண்டுக்கு ஒண்டு பிடிச்சுப் போயிடும். விடும்."

பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு எதை விடுவது என்றும் தெரிய வேண்டும். ஊரில் கடைசி மாதத்தில் நான் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன்: இந்த அலகு இம்முறை வராது. பெரும்பாலும் வந்ததில்லை. பிள்ளைகள் அதற்காகவே என்னிடம் வந்தார்கள். நாலாம் பகுதி, இருபத்தியாறாம் கேள்வி, மனைவியின் உடல்நலம். விடை: நல்ல சுகம், ஒரு குறையும் இல்லை. அதை அப்படியே விட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

முழுத்தாளும் பிழை இல்லை. இருவருக்கும். தயா அண்ணைக்கு அடிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமல் ஒன்று அடித்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காலையில் தயா அண்ணை இறைச்சி ஏற்றும் கடை வானில் கொண்டுபோய் இறக்கினார். எனக்குக் கோட் இரவல் கொடுத்தார். நளாவின் கழுத்தில் அடிபட்ட கண்டல் ஒன்று இருந்ததால் சால்வையைத் தானே சுற்றிவிட்டார். "முடிஞ்சதும் நேரா இஞ்சை வாங்கோ. நான் பக்கத்துத் தெருவிலை நிப்பன்" என்றார்.

முதலில் நளாவை உள்ளே எடுத்தார்கள். வெகுநேரம். பிறகு என்னை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி, அறுபது வயது இருக்கும், அம்மாக்களைப் போலக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தா. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டுப் பெண்.

கேள்விகள் என்னுடைய தாளிலிருந்து களவெடுத்தது போல வந்தன. முதல் சந்திப்பு, சட்டையின் நிறம், மாமனாரின் ஊர், கட்டில், புட்டு. உள்ளுக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வேறு எந்தப் பரீட்சையையும் இவ்வளவு நன்றாக நான் செய்ததில்லை.

அதிகாரி இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. ஏதோ சொன்னா. மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னா, நீங்க ரெண்டு பேரும் சொன்ன பதில் ஒரு வார்த்தைகூட மாறலையாம். இருபது வருஷமா இந்த வேலை பாக்கறாங்களாம். நிஜமான புருஷன் பெண்டாட்டின்னா எங்கயாவது சண்டை வருமாம். ஒருத்தர் சட்டை நீலம்பாங்க, ஒருத்தர் வெள்ளைம்பாங்க."

சரியாகச் சொன்னதற்குப் புள்ளி குறைப்பார்கள் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தாளைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக் கேட்டா.

"உங்க மனைவிக்குக் காது கேக்கறதுல ஏதாவது பிரச்சினை இருக்கா?"

இடது காது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் அடுத்த கேள்வி எப்போதிலிருந்து. அதற்கடுத்தது எப்படி. அதற்கடுத்தது யார்.

"இல்லை" என்றேன். "நல்ல சுகம். ஒரு குறையும் இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது முக்கியம்னு அவங்க சொல்றாங்க."

"நல்லாக் கேக்கும். ரெண்டு காதும்" என்றேன்.

அதிகாரி என் விடையை எழுதினா. மிக மெதுவாக எழுதினா. பிறகு போகலாம் என்றா.

வெளியே இருக்கைகளில் நளா இருந்தாள். சற்றுத் தள்ளி ஒரு பெண், அடையாள அட்டை தொங்கவிட்டபடி, யாருக்கோ காத்திருப்பது போல நின்றா. நளா எழும்பி வந்து, நான் பேசுவது கேட்கிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கேட்டவையோ?" என்றாள்.

"எல்லாம் எங்கடை கேள்விதான்."

"காது?"

நான் இரவல் கோட்டின் பொத்தானைத் திருகினேன்.

"அந்த மனுசி கதைக்கக் கதைக்க நான் தலையைத் திருப்பித் திருப்பி இருந்தனான். கவனிச்சிட்டுது. எந்தக் காது எண்டு கேட்டுது, சொன்னன். எப்பிடி வந்தது எண்டு கேட்டுது. என்ரை மனுசனுக்குத் தெரியும், அவரைக் கேளுங்கோ எண்டு சொன்னன்."

"நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்? சின்ன வயசிலை இருந்தெண்டு சொல்லியிருக்கலாமே!" என் குரல் உயர்ந்துவிட்டது. நின்ற பெண் திரும்பிப் பார்த்தா.

"நீங்கள் சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான். அண்ணைக்குப் பயந்து செய்தன், பிழையாப் போச்சு எண்டு நீங்கள் அங்கை ஒருக்காச் சொல்லியிருந்தால், நான் உங்களோடைதான் வெளியிலை வந்திருப்பன். அண்ணையிட்டை இல்லை, வேற எங்கையாவது. கேஸ் எண்டாலும் நானே வந்து உங்களுக்காகக் கதைச்சிருப்பன்." சால்வையின் நுனியைப் பிடித்தாள். "என்ன சொன்னனீங்கள்?"

"நல்லாக் கேக்கும் எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. களைத்துப்போன ஆளைப் போலத் தலையை ஆட்டினாள். கழுத்திலிருந்த சால்வையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"பாஸ்போட் புதுசா எடுக்கலாமாம். பெண்களுக்கு உதவுற ஆக்களாம் இவை, எடுத்துத் தருவினமாம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சு" என்று சொல்லிவிட்டு எழும்பி அந்தப் பெண்ணோடு போனாள். நாங்கள் வந்த வாசலால் போகவில்லை. வேறொரு கதவு இருந்தது.

"நளா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கேட்காததால் திரும்பவில்லை என்று முதலில் நினைத்தேன். அவளுடைய வலது காது என் பக்கம்தான் இருந்தது.

தயா அண்ணை வானில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "அவள் எங்கை?" என்றார்.

டிசம்பர் 9, திங்கள்

பழைய அறைத் தோழன் நிமலனின் வீட்டில் படுத்திருக்கிறேன். மூச்செடுத்தால் விலா குத்துகிறது. ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. வானின் பின்பக்கம் இறைச்சி ஏற்றுகிற இடம். கதவைச் சாத்தினால் வெளியே ஒன்றும் கேட்காது. தகரத்தில் என் தலை பட்ட சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

நிமலன் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்கிறான். போனால் யார் அடித்தது என்று கேட்பார்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று அவனுக்கே சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

நிமலன் ஆட்டிறைச்சிக் கறி வாங்கிவந்தான். சாப்பிட முடியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

லோயர் கூப்பிட்டார். முடிவு வந்துவிட்டது. நிராகரிப்பு. மேன்முறையீடு செய்ய இடமில்லையாம். மனைவியே விலகிவிட்டபடியால் ஒன்றும் நிற்காதாம். நாளை மறுநாள் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். போகிறவர்களைச் சில வேளை அங்கேயே மறித்து அடைத்துவிடுவார்கள் என்று நிமலன் சொன்னான். ஒரு பையில் இரண்டு சட்டை மடித்து வைத்திருக்கிறேன்.

லோயர் கடிதத்தைத் தமிழில் சொன்னார். விண்ணப்பதாரர் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகவே விடை சொல்லியிருக்கிறார். ஆனால் மனைவிக்கு ஒரு காது முற்றாகக் கேட்காது என்பதை வைத்தியர் உறுதிப்படுத்தியிருக்கிறார். அவரோடு ஒரே அறையில், ஒரே கட்டிலில் வாழ்ந்ததாகச் சொல்லும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. ஆகவே இவர் அந்தப் பெண்ணுக்குக் கணவனாக வாழவில்லை என்று முடிவு செய்கிறோம்.

"இந்த ஒரு கேள்வியிலைதான் விழுந்திட்டீர் தம்பி" என்றார் லோயர். "பெண்சாதிக்குக் காது கேக்காதெண்டு உமக்கு உண்மையாத் தெரியாதோ?"

தெரியாது என்றேன்.

இப்போது நிமலன் வேலைக்குப் போய்விட்டான். வினாத்தாள் முன்னால் இருக்கிறது. நாலாம் பகுதி, இருபத்தியாறாம் கேள்வியின் விடையைப் பேனாவால் வெட்டினேன். பக்கத்தில் இடம் இருந்தது.

இடது காது. நவம்பர் இரண்டாம் திகதி பின்னேரம். அடி என்று அண்ணை சொன்னது உண்மை. அவ்வளவு பலமாக அடிக்கச் சொல்லவில்லை. அந்தப் பலம் என்னுடையது.